அத்தை கெட்டவளாக விளையாடிய ஆடி

நம் வயதுக்காரர்கள் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் சர்க்கரை அளவில் போய் நின்று, அங்கிருந்து பிள்ளைகளுக்குத் தாவிவிடுகிறது. போன மாதம் நந்தனத்தில் ஒரு காதுகுத்துப் பந்தியில் நம்மோடு படித்த தோழி ஒருத்தி சாப்பிடாமல் புலம்பிக்கொண்டிருந்தாள். "என் பையன் கம்ப்யூட்டர்ல ஒரு கேம் ஆடுறான்டி. நல்லவனாவும் ஆடலாமாம், கெட்டவனாவும் ஆடலாமாம். இவன் தேடிப் போய் கெட்டவனாத்தான் ஆடுறான். ஊரையே கொளுத்துறான். டாக்டர்கிட்ட காட்டணுமோ?" நீங்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினீர்கள். நான் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே சொல்ல ஒரு கதை இருந்தது. அதற்குள் பந்தி எழுந்துவிட்டது. இப்போது சொல்கிறேன், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

தி.நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஜவுளிக்கடை. கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. நெல்லைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம், அதனால் வீட்டுக்குள் ஊர்ப் பேச்சுதான். கடைக்கும் வீட்டுக்கும் பெரியப்பா வைத்ததே சட்டம். "ஒரே விலை" என்று பலகை எழுதி மாட்டியவர், வாயிலும் ஒரே வார்த்தைக்காரர். சேலை சாயம் போகும் என்றால் வாங்க வந்தவளிடமே, "இது போவும்மா, வேற எடு" என்று சொல்லிவிடுவார். இந்த மனுஷன் எப்படிக் கடை நடத்துகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் கூட்டம் எங்கள் கடையில்தான்.

பில் போடுவதற்கென்று அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கடைப் பையன்கள் அதைத் தொடவே பயந்ததால், அது வீட்டுக்கு வந்து பின்கட்டில் இருந்த சரக்கறையில் குடியேறியது. பெரியப்பா அதற்குச் சிவப்பு வெல்வெட் துண்டில் உறை தைத்துப் போட்டிருந்தார். தடித்த திரை, அணைத்தபிறகும் கையைக் கிட்டே கொண்டுபோனால் முடி நட்டுக்கொண்டு நிற்கும். ரிச்சி தெருவில் என் அண்ணன் வாங்கிவந்த குறுந்தகட்டில் அந்த விளையாட்டு இருந்தது. தகட்டின் மேல் பேர்கூட இல்லை, நீல மையில் ஒரு கிறுக்கல் மட்டும். உள்ளே ஒரு ராஜ்யம். மலை, சத்திரம், சந்தை, காடு. நாம் ஒரு வீரனையோ வீராங்கனையையோ படைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும். வழியில் ஆட்கள் துணைக்குச் சேர்ந்துகொள்வார்கள். யாராவது பேசினால் திரையில் நாலு பதில் வரும். முதல் பதில் எப்போதும் தங்கமான பதில், கடைசிப் பதில் கொடூரம். திரையின் மூலையில் நம் ஆளின் முகம் தெரியும். கெட்டது செய்யச் செய்ய அந்த முகத்தின் கண்கள் சிவந்துகொண்டே போகும். அண்ணன் தர்மவான். முதல் பதிலைத் தவிர வேறொன்றைத் தொட்டவனில்லை. எனக்கும் அதுவே வழி. வேறு வழி உண்டு என்பதே எனக்கு உறைக்கவில்லை.

அந்த வருஷம் தை மாதத்தில் அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தை என்றால் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவள். பெரியப்பாதான் வளர்த்து, தொலைநிலைக் கல்வியில் பி.காம் படிக்கவைத்து, நங்கநல்லூரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார். வாய் திறந்து பேசமாட்டாள். "நம்ம பிள்ளை இருக்க எடம் தெரியாது" என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கப்படி சீர்வரிசையோடு போய்க் கூட்டிவந்தார்கள். ஆவணி பிறந்ததும் திரும்ப அனுப்பவேண்டும். இது ஊருக்கெல்லாம் தெரிந்த முறை.

ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் ஆடி மாதம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தள்ளுபடி, தள்ளுபடி என்று ஒலிபெருக்கி காலையில் ஆரம்பித்தால் தொண்டை கட்டும்வரை கத்தும். அப்பா சரக்கெடுக்க ஈரோட்டுக்குப் போனவர் போனவர்தான். பெரியப்பா கல்லாவைவிட்டு எழமாட்டார். அண்ணன் பள்ளி விட்டதும் கடைக்கு ஓடிவிடுவான். இந்த அமர்க்களத்தின் நடுவில் எனக்கு அம்மை போட்டது.

வாசலில் வேப்பிலை கட்டினார்கள். சரக்கறைதான் குளிர்ச்சி என்று அங்கே வேட்டி மூட்டைகளுக்கு நடுவில் வாழையிலை போட்டு என்னைக் கிடத்தினார்கள். புதுத்துணியின் கஞ்சி வாசனையும் வேப்பிலை வாசனையும் சேர்ந்து மூக்கை நிறைத்தன. இன்றைக்கும் புதுவேட்டியைப் பிரித்தால் எனக்கு உடம்பு அரிக்கும். வீட்டில் தாளிக்கக்கூடாது என்பதால் அம்மா, கடை ஆட்களுக்கான சமையலைக் கடையின் மொட்டைமாடிக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அத்தைக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அம்மை கண்ட வீட்டிலிருந்து நடுவில் யாரும் இன்னொரு வீட்டுக்குப் போய்த் தங்கக்கூடாது. எனக்கு அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை அவிழ்த்தபிறகு வந்து மருமகளை அழைத்துப்போவதாக நங்கநல்லூரிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

அத்தை கம்ப்யூட்டரைத் தொட்டது எனக்காகத்தான். அரிப்புத் தாங்காமல் நான் அழுதேன். கண்ணுக்கு ஆகாது என்று என்னை விளையாட விடவில்லை. "நீ சொல்லு, நான் ஆடுதேன்" என்று வெல்வெட் உறையை நீக்கினாள். அண்ணன் செய்வதுபோல முதல் பதிலைச் சொன்னேன். அவள் நாலு பதிலையும் வாசித்தாள். சுட்டியைக் கீழே, கீழே, கடைசிக்குக் கொண்டுபோனாள்.

"அத்தை, அது கெட்ட பதில்!"

"தெரியும்" என்றாள். அழுத்தினாள்.

எனக்குப் பயம், அதைவிடப் பெரிதாக ஒரு குதூகலம். இருக்கும் இடம் தெரியாத அத்தை!

அன்றிலிருந்து மத்தியானமெல்லாம் நான் அந்த ராஜ்யத்தில்தான் கிடந்தேன். அத்தை யாரையும் கொல்லவில்லை. ஒரு வீட்டையும் கொளுத்தவில்லை. அதுதான் எனக்கு முதலில் ஏமாற்றம். பிறகு வாய் பிளந்தேன். அவளுக்குத் துணையாக ஒரு வைத்தியக்காரப் பெண் சேர்ந்திருந்தாள். கீச்சுக்குரல், என்ன சொன்னாலும் "அப்படியே ஆகட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லும். அத்தை முதல் காரியமாக அவள் செருப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"எதுக்கு அத்தை?"

"செருப்பு இல்லாம எங்க போவா?"

சத்திரத்துக்குள் எல்லோரும் சாப்பிடப் போகும்போது அவளை மட்டும் வாசலில் நில் என்று நிறுத்துவாள். விளையாட்டில் மழை கொட்டும். அந்தப் பெண் நனைந்துகொண்டே நிற்கும். எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தபின் கொஞ்சம் ரொட்டி கொடுப்பாள். ஊர்க்காரர்கள் சூழ நிற்கும்போது மட்டும் அவளிடம் முதல் பதிலாகப் பார்த்துப் பேசுவாள், தேனாகப் பேசுவாள். கூட்டம் கலைந்ததும் கடைசிப் பதில். அவள் மோதிரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவளே வந்து கேட்கும்வரை காத்திருந்து, கேட்டபிறகு இல்லை என்பாள். ஒவ்வொன்றையும் எவ்வளவு நிதானமாகச் செய்தாள் தெரியுமா! முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. கோலம் போடுகிறவள் புள்ளி வைப்பதுபோல வைத்துக்கொண்டே போனாள். இப்படியெல்லாம் ஒருத்தியால் யோசிக்க முடியுமா என்று நான் மலைத்துப்போனேன். அண்ணனின் தர்மவானெல்லாம் என் அத்தையின் கெட்டவளிடம் பிச்சை வாங்கவேண்டும். எங்கள் வீட்டில் இப்படி ஒரு மேதை இருந்தது யாருக்கும் தெரியவில்லையே என்று நெஞ்சு விம்மியது.

சுட்டி தட்டும் சத்தம் கேட்டு வாசலோடு போன பெரியப்பா ஒருநாள், "பிள்ளை பில் போடப் படிக்காளா? படி, படி" என்று சொல்லிவிட்டு மனநிறைவோடு போனார்.

ஒரு மத்தியானம் தகடு உள்ளே சிக்கிக்கொண்டது. ரிப்பேர்காரரை வரச்சொன்னோம். வேப்பிலையைப் பார்த்தும் அவர் தயங்கவில்லை. "நமக்கு வந்து போய்டிச்சிக்கா" என்று உள்ளே வந்து தகட்டை எடுத்துத் துடைத்துப் போட்டுவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நின்றார். பார்த்தவர் போகவில்லை.

"இன்னாக்கா இது? கத்திய எடுத்து ஒரு குத்து குத்திட்டு அவனவன் போய்க்கினே இருப்பான். நீங்க இன்னா, அந்தப் பொண்ண மழைல நிக்க வெச்சிகினு கீறீங்க? பாக்கவே ஒரு மாரி கீது." பிறகு திரையின் மூலையைக் காட்டினார். "கண்ணு செவக்கவே இல்ல பாருங்க. கொன்னாதான்க்கா, திருடுனாதான்க்கா அதுக்குத் தெரியும். இதெல்லாம் அது கணக்குலயே வராது."

உண்மைதான். இத்தனை நாள் இத்தனை கொடுமை செய்தும் அத்தையின் வீராங்கனையின் கண்கள் பால்போல இருந்தன.

"எங்கயும் வராது தம்பி" என்றாள் அத்தை.

இரண்டாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் அம்மா, அடுப்புப் புகை கண்ணை எரித்ததென்று வெள்ளென வந்துவிட்டாள். கதவோரம் நின்று எங்களைப் பார்த்தாள். எனக்கு ஒரே பெருமை. வாழையிலையில் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, அத்தை மாதிரி கெட்டவளா ஆட யாராலயும் முடியாது! அந்தப் பொண்ணு செருப்பை எடுத்துப் பூட்டிட்டாங்க. எல்லாரும் தின்ன பெறவுதான் அவளுக்குச் சோறு. அவளுக்குப் படுக்கையே கெடையாது, வெளியதான்!" என்று ஒப்பித்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அத்தையின் முதுகைப் பார்த்தாள்.

"ஏளா, இது இந்த வெளையாட்டுலயே உள்ளதா?"

"இதுல கொல்லத்தான் மதினி இருக்கு. மத்ததெல்லாம் நான் சேத்தது."

"இதையெல்லாம் எங்க படிச்ச?"

அத்தை திரும்பவில்லை. திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. "நங்கநல்லூர்ல" என்றாள்.

ஒலிபெருக்கி தூரத்தில் தள்ளுபடி என்று கத்தியது. அம்மா வந்து அத்தையின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.  எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த அறையில் நான் இத்தனை நாள் வாய் பிளந்து பார்த்தது கற்பனையே இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. இருக்க இடம் தெரியாத பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்களே, அந்தப் பிள்ளைக்கு அங்கே உண்மையிலேயே இருக்க இடமில்லை.

அம்மா பெரியப்பாவிடம் பேசிப் பார்த்தாள். நேரே பேசமாட்டாள், கதவுக்குப் பின்னால் நின்றுதான். நாத்தனாரின் புகுந்த வீட்டைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் இங்கன இருக்கட்டுமே அத்தான்."

பெரியப்பா கையில் துணிக்கட்டோடு நின்றபடியே சொன்னார்: "ஆவணி பொறந்தா அனுப்பாம வச்சிருக்கது முறையாம்மா? நாலு பேரு என்ன சொல்லுவான்? அவ அங்க நல்லாத்தான இருக்கா."

அவரை நான் இப்போது குறை சொல்லமாட்டேன். அவர் அறிந்த கொடுமைகளுக்கெல்லாம் காயம் இருக்கும், இரத்தம் இருக்கும். அந்த விளையாட்டைப்போலத்தான் அவரும்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையை அவிழ்த்துக் கொல்லை மூலையில் போட்டார்கள். மறுநாள் நங்கநல்லூர்க்காரர்கள் வரும் நாள். பெரியப்பா கடையிலிருந்து ஒரு பட்டும் தட்டு நிறைய இனிப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சம்பந்தியை வரவேற்கச் சந்துமுனைக்கே போய் நின்றார். அத்தை பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டு சரக்கறையில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடியிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சந்துமுனையில் கார் நிற்பது நான் நின்ற முன்ஜன்னலில் தெரிந்தது. அம்மா கொல்லைக்கு ஓடினாள். மூலையில் கிடந்த வேப்பிலையை அள்ளிக்கொண்டு வந்து வாசல் நிலையில் செருகினாள். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். என்னால் நம்பமுடியவில்லை. என் அம்மா யார் தெரியுமா? மஞ்சள் தண்ணீர் ஊற்றிய இடத்தைத் தாண்டவே பயப்படுகிறவள். செவ்வாய், வெள்ளியில் அம்மன் பெயரைச் சொல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். நாலு பதில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதல் பதிலைத் தொடுகிற ஜாதி.

சம்பந்தியம்மா பட்டுச்சேலையும் பூவுமாக வந்தாள். பின்னால் மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் பெரியப்பா. அம்மா நிலைக்கு நடுவில் நின்றாள்.

"வாங்க சம்பந்தி. உள்ள கூப்புட முடியல, மன்னிக்கணும். சின்னவளுக்கு எறங்கிட்டுன்னு பாத்தா, இப்போ ஒங்க மருமவளுக்கு முத்து போட்டிருக்கு" என்றாள். குரலில் தேன் வழிந்தது. அந்தக் குரல் அம்மாவிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

பெரியப்பா அசையாமல் நின்றார். அன்று காலையில்தான் அத்தை கையால் காப்பி வாங்கிக் குடித்திருந்தார்.

சம்பந்தியம்மா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "அதனால என்ன? எனக்குச் சின்னதுலயே வந்து போயிட்டு. உள்ள வந்து பாக்கேன்."

அம்மாவின் கை நிலையை இறுகப் பிடித்தது. அதைச் சம்பந்தியம்மா பார்த்துவிட்டாள் என்றே நினைக்கிறேன். அவள் சிரித்தாள். "இல்ல, கூட்டிட்டே போயிடுதோம். அங்க மொட்டைமாடி ஷெட்டு சும்மாதான கெடக்கு. அதுல கெடக்கட்டும். அவளுக்கு அது பழக்கந்தான்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

பெரியப்பாவின் முகத்தை நான் ஜன்னல் கம்பிக்கு இப்பால் இருந்து பார்த்தேன். முதலில் அந்த வார்த்தை அவருக்குள் போகவில்லை. பிறகு போயிற்று. தோள் துண்டை எடுத்தார், மறுபடி தோளிலேயே போட்டார். அந்த மனுஷன் இப்போது உண்மையைச் சொல்லிவிடுவார், அம்மாவின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் முன்னால் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம். நானே காலைல பாத்தேன். மொகமெல்லாம் முத்து. ஆத்தா வந்திருக்க எடத்துலேந்து பிள்ளைய அனுப்ப முடியாது" என்றார்.

சேலை சாயம் போகும் என்று வாங்க வந்தவளிடமே சொல்கிற மனுஷன்! அவர் பேச்சை யார் சந்தேகிப்பார்கள்? சம்பந்தியம்மா வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பிறகு பார்த்துவிட்டேன். அந்த வாசலில் தோளோடு தோள் நின்று கூசாமல் பொய் சொன்ன அந்த இரண்டு பேர் அளவுக்கு யாரும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கார் போனபின் பெரியப்பா சரக்கறைக்கு வந்து ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். "ஏளா, மாடிலதான் படுப்பியா?"

அத்தை தலையை ஆட்டினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ நல்லாத்தான இருக்கன்னு வந்தப்பல்லாம் நீங்களே சொல்லிட்டுப் போனீய அண்ணே."

பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, அம்மா பக்கம் பார்க்காமலே, "அந்த வேப்பிலையக் கழட்டாண்டாம்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அத்தை அதன்பின் நங்கநல்லூர் வாசலை மிதிக்கவில்லை. பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து, சொந்தக்காரர்களின் வசவு எல்லாம் பிறகு வந்தன. எல்லாவற்றுக்கும் பெரியப்பா ஒரே விலையாக ஒரே பதில் வைத்திருந்தார்.

ஆனால் அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டேனே என்று பூஜை அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழவில்லை. சில நாளில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் காலை, நெற்றியில், கழுத்தில், கன்னத்தில், முத்து முத்தாக அம்மை. சிறுவயதில் அவளுக்கு வந்ததே இல்லை, என்னிடமிருந்து ஒட்டியிருக்கிறது. அது இப்போது எனக்குத் தெரியும். அன்று வீடே உறைந்துபோயிற்று.

அதே வாரம் நங்கநல்லூரிலிருந்து சம்பந்தியம்மாவின் தங்கை, விசாரிக்க வந்ததுபோல வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வாழையிலையில் கிடந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வீடு பூரா ஆத்தாதான் இருக்கா" என்று முனகிக்கொண்டே வந்த வழியில் வேகமாகப் போய்விட்டாள்.

அத்தை அம்மாவின் காலடியில் உட்கார்ந்து விசும்பினாள். "என்னாலதான் மதினி. எனக்காகப் பொய் சொன்னதுக்கு ஆத்தா ஒங்களத் தண்டிச்சிட்டா."

அம்மா வீங்கிய கண்ணைப் பாதி திறந்தாள். வேப்பங்கொத்தால் கன்னத்தை மெல்லத் தடவிக்கொண்டாள். அந்த முகத்தில் பயம் போய்விட்டிருந்தது.

"கூறுகெட்டவளே, தண்டனையா இது? வந்தவ எட்டிப் பாத்துட்டுக் கும்புட்டுப் போனாளே, பாக்கலியா? நானும் ஒங்க அண்ணாச்சியும் சொன்ன பொய்யி போதாதுன்னு ஆத்தாளும் கூடச் சேந்து ஒரு பொய்யச் சொல்லியிருக்கா."